முட்டையில் தேட வேண்டியது குஞ்சை அல்ல

நாமக்கல் பண்ணைகளிலிருந்து கடைக்கு வரும் வெள்ளை முட்டைக்கும் சேவலுக்கும் சம்பந்தமில்லை. கூண்டுகளில் இருப்பவை பெட்டைகள் மட்டுமே. சேவல் சேராமலும் கோழி முட்டையிடும், அது பொரியாது. அதில் சிவப்புப் புள்ளி தெரிந்ததும் ‘ஐயோ, குஞ்சு’ என்று கொட்டிவிடுகிறார்கள். முட்டை உருவாகும்போது கோழியின் உடலுக்குள் சிறு ரத்தக்குழாய் உடைந்த தடம் அது. கரண்டி நுனியால் எடுத்துவிட்டுச் சமைக்கலாம்.

சேவலோடு மேயும் நாட்டுக்கோழி முட்டை கருவுற்றிருக்கலாம். உடைத்தால் மஞ்சள் கருவின் மேலுள்ள வெண்புள்ளி வளையமாகத் தெரியும். கருவுறாததில் அது ஒழுங்கற்ற சிறு திட்டு. அன்றன்று எடுத்துக் குளிர்ச்சியாக வைத்தால் கரு வளராது, சாப்பிடவும் கேடில்லை. கோழி சில நாள் அடைகாத்த முட்டைதான் சிக்கல். நம்மூர்க் கோடையில் வெளியே கிடந்தாலே கரு லேசாக வளரத் தொடங்கிவிடும். இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் செல்போன் டார்ச்சை வையுங்கள். நாலைந்து நாள் அடையிலிருந்தால் சிலந்திக்கால் மாதிரி சிவப்பு நரம்புகள் தெரியும். புது முட்டையில் இந்தச் சோதனை எதையும் காட்டாது. தண்ணீரில் மிதக்கவிடுவது பழையதா என்றறிய மட்டுமே. எதுவானாலும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சட்டியில் ஊற்றுவது பாட்டிமார் பழக்கம்; அதற்கு ஈடில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது சால்மோனெல்லா கிருமிக்கு. கருவுற்றது, கருவுறாதது என்று அது பார்ப்பதில்லை. பார்வைக்கு நல்ல முட்டைக்குள்ளும் இருக்கலாம். விரிசல் விட்டதை வாங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஹாஃப் பாயில் வேண்டாம். மஞ்சள் கரு இறுகும்வரை வேகட்டும்.

அழுகிய முட்டையோ, சாயமேற்றி ‘நாட்டு முட்டை’ என்று விற்றதோ கையில் கிடைத்தால் கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வருவதோடு விடாதீர்கள். பில், அட்டைப்பெட்டி, புகைப்படம் மூன்றும் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் வலுவாக நிற்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இன் 40-ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி நீங்களே உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கக் கொடுக்கலாம். குறை உறுதியானால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை.