பெருக்கலும் தீர்ப்பும்

நாணயத்தைச் சுண்டினால் தலை விழும் நிகழ்தகவு 1/2. பகடையை உருட்டினால் ஆறு விழும் நிகழ்தகவு 1/6. இரண்டும் ஒருங்கே நேரும் நிகழ்தகவு இவற்றின் பெருக்கமாகிய 1/12. நாணயத்தின் போக்கைப் பகடை அறியாது. ஆதலின் இங்குப் பெருக்குதல் முறையாயிற்று. விதியை நினைவிற் கொள்வோர் பலர் இக்காரணத்தை மறந்துவிடுகின்றனர். மாணவரேயன்றி அறிஞரும் மறப்பதுண்டு.

1999-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், தன் இரு குழந்தைகளைக் கொன்றாள் எனத் தாய் ஒருத்தி மீது வழக்கு நடந்தது. அத்தகைய குடும்பத்தில் கைக்குழந்தை காரணம் புலப்படாது இறப்பது 8,543-இல் ஒன்று என்றும், இரு குழந்தைகள் அவ்வாறு இறப்பது, அவ்வெண்ணை அவ்வெண்ணாலேயே பெருக்க, ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என்றும் மருத்துவர் ஒருவர் சான்றுரைத்தார். தாய்க்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஒரே குருதி, ஒரே வீடு, ஒரே காற்று. உடன்பிறந்தார் இருவர் நாணயமும் பகடையும் போல்வரோ? முதற் குழந்தையை மாய்த்த காரணம் இரண்டாவதையும் தாக்கக்கூடும். ஆகவே முதல் இறப்பு நேர்ந்தது எனக் கொண்டே இரண்டாவதன் நிகழ்தகவைக் கணித்தல் வேண்டும். 2001-இல் அந்நாட்டு அரச புள்ளியியற் கழகம் அப்பெருக்கலுக்கு அடிப்படை இல்லை என அறிவித்தது. வெளிப்படாதிருந்த மருத்துவச் சோதனை முடிவுகளும் பின்னர்க் கிடைக்கவே, 2003-இல் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பை நீக்கிற்று. அதற்குள் அவள் சிறையில் மூன்றாண்டுகளுக்கு மேல் கழித்திருந்தாள்.