ஒரே டிரைவ், பல ஓ.எஸ்: லேப்டாப் படுத்துவிட்டால் கைகொடுக்கும் 'வென்டாய்'!

"அண்ணா, லேப்டாப் ஆன் ஆகவே மாட்டேங்குது. நாளன்னிக்கு வைவா. ரிப்போர்ட் மொத்தமும் உள்ளே மாட்டிக்கிச்சு!"

சில மாதங்களுக்கு முன், இரவு 10 மணிக்கு சித்தி மகனிடமிருந்து போன். இன்ஜினீயரிங் கடைசி வருடம். விண்டோஸ் லோகோ வருகிறது, வட்டம் சுற்றுகிறது, மறுபடியும் ரீஸ்டார்ட். பக்கத்து சர்வீஸ் கடையில், "ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணும் தம்பி, உள்ளே இருக்கிறது போயிடும்" என்று சொல்லிவிட்டார்களாம்.

என் பையில் 64 ஜி.பி பென்டிரைவ் ஒன்று எப்போதும் கிடக்கும். அதை லேப்டாப்பில் செருகி, அதிலிருந்தே லினக்ஸ் மின்ட்டை ஓடவிட்டோம். அரை மணி நேரத்தில் ரிப்போர்ட், படங்கள் எல்லாம் இன்னொரு டிரைவுக்கு வந்துவிட்டன. ஃபார்மேட்டை வைவா முடிந்த பிறகு நிதானமாகச் செய்துகொண்டான்.

அப்படி ஒரு டிரைவை நீங்களும் தயார் செய்யலாம். செலவு, டிரைவின் விலை மட்டும்தான்.

காப்பி, பேஸ்ட் செய்தால் போதாதா?

ஓ.எஸ்-ஐ டவுன்லோடு செய்தால் கிடைப்பது ஐ.எஸ்.ஓ என்ற ஒரே ஃபைல். அதைச் சாதாரண பென்டிரைவில் காப்பி செய்தால், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. ஆன் ஆகும்போது அது தேடுவது, ஓ.எஸ்-ஐக் கிளப்பிவிடும் 'பூட்லோடர்' என்ற குட்டி புரோகிராமை. ரூஃபஸ் போன்ற டூல்கள் அதைச் செய்து தரும். ஆனால், வழக்கமாக ஒரு டிரைவுக்கு ஒரு ஓ.எஸ்-தான். அடுத்தது வேண்டுமென்றால் பழையதை அழிக்க வேண்டும்.

இங்கேதான் 'வென்டாய்' வருகிறது. இது இலவசமான ஓப்பன் சோர்ஸ் டூல். டிரைவை இரண்டாகப் பிரிக்கும். 32 எம்.பி அளவுள்ள சின்னப் பகுதியில் தன் பூட்லோடரை வைத்துக்கொள்ளும். மீதி இடம் முழுக்க உங்களுக்கு. அதில் எத்தனை ஐ.எஸ்.ஓ போட்டாலும், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது ஹோட்டல் மெனு மாதிரி வரிசையாகக் காட்டும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் முடிந்தது.

அந்தப் பெரிய பகுதி 'எக்ஸ்ஃபேட்' முறையில் இருக்கும். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜி.பி-யைத் தொடும் ஒரு ஃபைலை வைக்க முடியாது. விண்டோஸ் 11 ஃபைலே 5 ஜி.பி-க்கு மேல் வரும். எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தொல்லை இல்லை.

எப்படிச் செய்வது?

1. குறைந்தது 32 ஜி.பி பென்டிரைவ் எடுங்கள். எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி என்றால் வேகம் கூடும். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், முதலில் பேக்கப்.

2. வென்டாயின் அதிகாரபூர்வ தளத்தில் ஜிப் ஃபைலை இறக்கி, பிரித்து, 'வென்டாய்2டிஸ்க்' என்பதை ஓடவிடுங்கள்.

3. சரியான டிரைவைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று அளவைப் பார்த்து உறுதிசெய்த பிறகு 'இன்ஸ்டால்' கொடுங்கள். இரண்டு முறை எச்சரிக்கை வரும். அவசரத்தில் 'யெஸ்' தட்டிவிடாதீர்கள்!

4. இப்போது ஐ.எஸ்.ஓ ஃபைல்களைக் காப்பி செய்யுங்கள். விண்டோஸ் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் தளம், உபுண்டு, மின்ட் என்றால் அவற்றின் சொந்தத் தளங்கள். டெலிகிராமில் வரும் 'கிராக்' ஃபைல் வேண்டவே வேண்டாம்.

5. காப்பி முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்துவிட்டே டிரைவைப் பிடுங்குங்கள்.

அவ்வளவுதான். புது வெர்ஷன் வந்தால் பழைய ஐ.எஸ்.ஓ-வை டெலிட் செய்து, புதியதைப் போட்டால் போதும். இதே டிரைவில் உங்கள் படங்கள், பாட்டுகளையும் வைத்துக்கொள்ளலாம்.

டிரைவிலிருந்து எப்படி ஆன் செய்வது?

லேப்டாப் ஆன் ஆகும்போதே பூட் மெனு பட்டனைத் தட்ட வேண்டும். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்.பி-யில் எஃப்9. ஏசஸில் எஸ்கேப்.

சில லேப்டாப்களில் 'செக்யூரிட்டி வயலேஷன்' என்று வந்து பயமுறுத்தும். அது வைரஸ் இல்லை. 'செக்யூர் பூட்' என்ற காவல்காரர், புது ஆளை உள்ளே விட மறுக்கிறார். அடுத்து வரும் நீலத் திரையில் 'என்ரோல் கீ' வழியாக வென்டாயின் கீ-யை ஒருமுறை பதிவு செய்தால், அந்த லேப்டாப்பில் மறுபடி கேட்காது.

இங்கே உஷார்!

மின்ட், உபுண்டு இரண்டையும் இன்ஸ்டால் செய்யாமலேயே 'லைவ்' முறையில் ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் ஹார்டு டிஸ்க்கை அது தொடாது. டேட்டாவை மீட்க இதுவே போதும். ஆனால், 'இன்ஸ்டால்' ஐகானைத் தட்டி, 'எரேஸ் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கதை முடிந்தது. விண்டோஸும் உங்கள் ஃபைல்களும் சேர்ந்தே போய்விடும்.

இன்னொன்று, 'பிட்லாக்கர்'. பல புது லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டே வரும். 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் லினக்ஸாலும் உள்ளே நுழைய முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த கீ இருக்கிறதா என்று இன்றே பார்த்து, நோட்டில் எழுதி வையுங்கள். சித்தி மகனின் லேப்டாப் பூட்டப்படாமல் இருந்ததால்தான் அன்று தப்பித்தோம்.

ஹார்டு டிஸ்க்கே பழுதாகியிருந்தால் வென்டாயாலும் ஒன்றும் செய்ய முடியாது. பேக்கப்புக்கு மாற்று கிடையாது.

பழைய லேப்டாப்புக்கும் உயிர் வரும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம் 2.0 சிப் வேண்டும். அது இல்லாத பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. 4 ஜி.பி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும். பிரவுசர், வீடியோ, ஆபீஸ் வேலைக்குப் போதும்.

லினக்ஸ் நமக்குப் புதிதும் இல்லை. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில், விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் "எது வேண்டும்?" என்று கேட்ட அந்த மெனு ஞாபகம் இருக்கிறதா? அதே கேள்வியைத்தான் இந்த டிரைவும் கேட்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். லேப்டாப் நன்றாக ஓடும்போதே செய்துவிடுங்கள். படுத்த பிறகு இதைத் தயார் செய்ய, இன்னொருவரின் லேப்டாப்பைத்தான் தேடி அலைய வேண்டும்!