இணைய இணைப்பைப் பங்கிட்டு உபயோகிக்கும் முறை

நமது சங்கங்கள் பலவற்றில் அலுவலகம் முழுவதற்கும் ஒரே இணைய இணைப்புத்தான் இருக்கிறது. கணக்கெழுதும் கம்ப்யூட்டர், விற்பனைப் பிரிவின் கம்ப்யூட்டர், அலுவலர்களின் கைப்பேசிகள் யாவும் அதனையே சார்ந்துள்ளன. அவற்றுள் ஒன்று பெரியதொரு கோப்பைப் பதிவிறக்கத் தொடங்கியதும் மற்றவை ஸ்தம்பித்து விடுகின்றன. வங்கியின் பக்கம் திறப்பதில்லை, ஜி.எஸ்.டி. படிவம் பாதியில் நின்றுவிடுகிறது. கூலித் தொகை வரவாக வேண்டிய நெசவாளர்கள் திண்ணையில் காத்திருக்கின்றனர். உடனே, ‘வேகம் போதவில்லை, கட்டணம் கூடிய திட்டத்திற்கு மாறலாம்’ என்ற யோசனை நிர்வாகக் குழுவின் முன் வருகிறது. அங்கத்தினர்களின் பணத்தை அவ்வாறு செலவிடுமுன், தாமதம் எங்கே உண்டாகிறது என்பதை அறிதல் நலம்.

முதலாவது, கணக்கு. இணைப்பின் வேகம் மெகாபிட்டிலும், கோப்பின் அளவு மெகாபைட்டிலும் குறிக்கப்படுகின்றன. 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 40 மெகாபிட் இணைப்பு விநாடிக்கு 5 மெகாபைட்டே தரும். 4,000 மெகாபைட் கோப்பு ஒன்று இறங்க 800 விநாடிகள், அதாவது 13 நிமிஷங்களுக்கு மேல் ஆகும். 10 மெகாபிட் இணைப்பாயின் 53 நிமிஷங்கள் பிடிக்கும். அந்த நேரத்தில் மற்றவர்களுக்கு என்ன பங்கு கிடைக்கிறது என்பதே நமது விஷயம்.

இணையத்தில் செல்லும் எதுவும் ‘பாக்கெட்’ எனப்படும் சிறு பொட்டலங்களாகப் பிரிந்தே செல்கிறது. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 400 கஜ தூரத்தில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்திற்கும் பல்கலைக் கழகத்திற்கும் இடையே நெரிசல் மிகுந்து, விநாடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக வீழ்ந்தது. இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸ் ஆகியோர் 1988-இல் பரிகாரத்தை வெளியிட்டனர். பாக்கெட்டுகள் வழியில் தவறினால், நெரிசல் என்றறிந்து அனுப்பும் கம்ப்யூட்டரே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. இணையம் இன்றளவும் இயங்குவது இத்தகைய சுயகட்டுப்பாட்டினால்தான்.

எனினும் இம்முறையில் இரு குறைகள் உள்ளன. பங்கீடு ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல், தொடர்புக்கு இவ்வளவு என்றே பெரும்பாலும் அமைகிறது. பதிவிறக்கத்திற்கென உள்ள சில புரோகிராம்கள் ஒரே கோப்புக்காக எட்டுத் தொடர்புகளைத் திறக்கின்றன. ஒரு தொடர்புடன் வேலை செய்பவருக்கு அப்போது ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கே மிஞ்சும். ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்னும் விதியை உடைய நாம், ஒருவருக்கு எட்டு வாக்கு அளிப்பதை ஒப்புவோமா?

மற்றது, வரிசை. மோடத்தில் பாக்கெட்டுகள் காத்திருக்கச் சிறிது இடம் உண்டு. அது நிரம்பி வழியும் வரை அனுப்பும் கம்ப்யூட்டர் வேகத்தைக் குறைப்பதில்லை. மேல்நோக்கி அனுப்பும் வேகம் 1 மெகாபிட்டாக இருந்து, 256 கிலோபைட் அளவு காத்திருப்பின், அதன் பின்னால் நிற்கும் வங்கிக் கோரிக்கை 2 விநாடி தாமதிக்கும். ஒரு பக்கம் திறக்கப் பல கோரிக்கைகள் போய்வர வேண்டியிருப்பதால் தாமதம் பெருகும். சேலை டிசைன்களின் படங்களை மொத்தமாக அனுப்பும்போது பதிவிறக்கமும் மந்தமாவதற்குக் காரணம் இதுவே. இறங்கும் பாக்கெட்டுகளுக்குரிய ரசீதுகளும் அவ்வரிசையிலேயே நிற்கின்றன. தேவைக்கு மீறிய இக்காத்திருப்பிடத்தின் தீங்கை 2010-ஆம் ஆண்டையொட்டி ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியாளர் வெளிப்படுத்தி, ‘பஃபர்ப்ளோட்’ எனப் பெயரிட்டார்.

பரிகாரங்கள் பின்வருமாறு:

1. பெரிய கோப்புகளை உணவு இடைவேளையிலோ, அலுவல் முடிந்த பின்னரோ இறக்குக.

2. பதிவிறக்கும் புரோகிராமில் வேக வரம்பு விதிக்கலாம். 40 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 2.5 மெகாபைட் என வரம்பிட்டால், மேற்கூறிய கோப்பு 27 நிமிஷங்களில் இறங்கும்; பாதி வேகம் பிறருக்கு எஞ்சும்.

3. தொடர்புகளின் எண்ணிக்கையை ஒன்று அல்லது இரண்டாகக் குறைக்கவும்.

4. விண்டோஸில் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ என்னும் பகுதியில் அதன் புதுப்பிப்புகளுக்கு வரம்பிடலாம். ஒரு கம்ப்யூட்டர் இறக்கியதை அலுவலகத்தின் மற்றக் கம்ப்யூட்டர்கள் பெற்றுக்கொள்ளவும் அங்கே வசதி உண்டு.

5. ரூட்டரில் ‘எஸ்.க்யூ.எம்.’ என்னும் அமைப்பு இருப்பின், இரு திசைகளிலும் உண்மையில் கிடைக்கும் வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவைக் குறிப்பிடுக. வரிசை மோடத்தில் தேங்காமல் ரூட்டரின் வசத்தில் வரும். அது ஒவ்வொரு தொடர்புக்கும் முறை வைத்து வழிவிடும்.

இவற்றைச் செய்தபின் ஒரு வார காலம் கவனித்து வருக. எவரும் பெரிய கோப்பு இறக்காத வேளையிலும் பக்கங்கள் தாமதமாகவே திறந்தால், இணைப்பளிக்கும் நிறுவனத்திடம் முறையிடலாம்; கூடுதல் வேகத்திற்கும் தீர்மானம் கொண்டுவரலாம். அவ்வாறின்றித் தாமதம் நீங்கிவிட்டால், மாதந்தோறும் செலவாகவிருந்த கூடுதல் கட்டணம் சங்கத்திற்கு மிச்சம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையெனில், வாய்க்காலை வெட்டி அகலப்படுத்துமுன் முறை வைத்துப் பாய்ச்சிப் பார்ப்பதல்லவா நம் விவசாய அங்கத்தினர்களின் வழக்கம்?