தபால் ஆபீஸ் திறந்திருந்தும் ரசீது வராத நாள்

திண்டுக்கல் பக்கத்துக் கன்னிவாடி தபால் ஆபீஸில் ஒரு ஸ்பீடு போஸ்ட் கொடுத்தால், அதன் எண் எங்கோ இருக்கும் சர்வரில் பதிவான பிறகுதான் கையில் ரசீது கிடைக்கும். 2025 ஜூலையிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் நாடெங்கும் அஞ்சலகங்கள் ஒவ்வொரு பகுதியாக ஒரு நாள் பரிவர்த்தனையை நிறுத்தியது அந்த சர்வர் மாற்றத்துக்காகத்தான்.

பழைய ஏற்பாடு 2012இல் ஒப்புதல் பெற்ற நவீனமயத் திட்டத்தில் வந்தது. அதன் முக்கிய மென்பொருளை அமைத்தது டிசிஎஸ். அதனிடத்தில் வந்திருக்கும் ‘அட்வான்ஸ்டு போஸ்டல் டெக்னாலஜி’, சுருக்கமாக ஏபிடி, அஞ்சல் துறையே உருவாக்கியது. மைசூரில் உள்ள துறையின் தொழில்நுட்ப மையத்தில் எழுதப்பட்டு, மத்திய அரசின் ‘மேகராஜ்’ கிளவுடில் இயங்குகிறது. பதிவு, பட்டுவாடா, கணக்கு என்று சிறு சிறு சேவைகளாகப் பிரித்துக் கட்டியிருப்பதுதான் இதன் பலம். இனி ஒன்றைப் புதுப்பிக்க மற்ற எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியிராது. கூட்டம் பெருகும் நாளில் தேவைப்படும் சேவைக்கு மட்டும் கூடுதல் சர்வர்களைத் தானாகவே சேர்க்கும் வசதியும் கிளவுடில் உண்டு.

அப்படியானால் ஒரு நாள் ஏன் நிறுத்தினார்கள்? முதல் மாற்றம் மட்டும் ஓடும்போதே செய்ய முடியாதது. நேற்றுவரையிலான ரொக்க இருப்பும், தபால்தலை இருப்பும், பட்டுவாடாவாகாத தபால்களும் பழைய கணக்கில் முடிந்து, புதியதில் அதே எண்ணிக்கையில் ஏற வேண்டும். நடுவில் ஒருவர் மணியார்டர் கட்டினால் அந்தப் பணம் எந்தக் கணக்கிலும் நிற்காமல் போகலாம். எந்த சர்வர் மாற்றத்துக்கும் ஒரு வரிசை உண்டு: முதலில் முழு நகல், பிறகு தரவுத்தளம், அதன் பின் அதை நம்பியிருக்கும் சேவைகள், கடைசியில் கவுன்ட்டர் கணினி. வரிசை பிசகினால் புதிய கவுன்ட்டர் கேட்பது பழைய தரவுத்தளத்துக்குப் புரியாது. கோளாறு வந்தால் திரும்பிப் போக அந்த முழு நகல்தான் வழி. அதை எடுக்காமல் தொடங்குவது பொறுப்பற்ற வேலை.

கர்நாடகத்தில் மே, ஜூன் மாதங்களில் சோதித்துப் பார்த்தபின் கட்டம் கட்டமாக விரித்து, ஆகஸ்ட் 4இல் 23 அஞ்சல் வட்டங்களிலும் முடித்தார்கள். இது சரியான முறை. ஆனால் அதற்கொரு விலையும் இருந்தது: பழைய அமைப்பில் பதிவான தபால் புதிய அமைப்புக்குப் போன ஊரில் பட்டுவாடாவாக வேண்டியிருந்தது. புதிய அமைப்பில் ஒரே நாளில் 32 லட்சம் பதிவுகளும் 37 லட்சம் பட்டுவாடாக்களும் நடந்ததாகத் துறை சொல்கிறது. 4.6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தும், தொடக்க நாட்களில் பல மாநிலங்களில் சர்வர் மெதுவாகி வரிசைகள் நீண்டன. ஆகஸ்ட் 9 ரக்ஷா பந்தன். வடமாநிலங்களில் ராக்கித் தபால் குவியும் வாரம். அந்த வாரத்தைத் தவிர்த்திருக்க வேண்டும்.

கன்னிவாடிக்கு மேலே ஆடலூர், பன்றிமலை போன்ற மலைக் கிராமங்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். கிளவுட் எவ்வளவு வலுவாக இருந்தாலும், மலைக்குப் போகும் சிக்னல் விட்டுவிட்டு வந்தால் ஊழியர் கையிலிருக்கும் கருவி காத்திருக்கத்தான் செய்யும். சர்வருக்குச் செலவிடும் அக்கறை இந்தக் கடைசி இணைப்புக்கும் வேண்டும்.

முன்னறிவிப்பிலும் அதே அக்கறை வேண்டும். ஒரு அஞ்சல் கோட்டம் முழுவதும் சேர்ந்து மாறும்போது, கன்னிவாடியில் முடியாத வேலைக்கு பஸ் ஏறித் திண்டுக்கல் தலைமை அஞ்சலகம் போனாலும் பயனில்லை. மலையிலிருந்து இறங்கி வருபவர்களுக்கு இந்த அலைச்சலில் ஒரு நாள் கூலி போய்விடும். எந்தத் தேதி, எந்தெந்தச் சேவை, எந்தெந்த ஊர் என்பதை ஒரு வாரம் முன்பே தபால்காரர் வீடு வீடாகச் சொல்லிவிடலாம். அவர் எப்படியும் அந்தத் தெருக்களுக்குப் போகிறார்.