சோதனைக்கு முன் ஒரு பேச்சு

1986 பிப்ரவரியில் ஓர் இரவு, சென்னையிலிருந்து காட்பாடி போகும் ரயிலில் ஐஸ் பெட்டியோடு ஒரு தம்பதி ஏறினார்கள். பெட்டிக்குள் 80க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகள். பெரும்பாலும் மயிலாப்பூரில் அரசு காப்பு இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்தவை. சேகரித்தவர் செல்லப்பன் நிர்மலா, சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி. ஸ்கூட்டரில் காப்பு இல்லத்துக்குக் கூட்டிப்போய்க் காத்திருந்து அழைத்து வந்தவர் கணவர் ராமமூர்த்தி. எடுத்த மாதிரிகளைப் பத்திரப்படுத்த வேறு வழியில்லாமல் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் வைத்திருந்தார்கள்.

எய்ட்ஸைத் தேடும் இந்த ஆய்வை நிர்மலாவிடம் ஒப்படைத்தவர் பேராசிரியர் சுனிதி சாலமன். மாணவிக்கே முதலில் தயக்கம். எய்ட்ஸ் அமெரிக்காக்காரனுக்கு வருவது, நம் ஊர் ஒழுக்கத்துக்கு அது எட்டிப் பார்க்காது என்று படித்தவர்களும் நம்பிய காலம். அதற்குமுன் நாட்டில் சோதித்துப் பார்த்தவையும் ‘இல்லை’ என்றே வந்திருந்தன. சுனிதி விடவில்லை.

சென்னையில் அப்போது எச்.ஐ.வி. சோதனைக்கு வசதி கிடையாது; காட்பாடியை அடுத்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இருந்தது. எலைசா என்ற அந்தச் சோதனை வைரஸை நேரடியாகத் தேடுவதில்லை. வைரஸ் உள்ளே புகுந்தால் உடல் அதை எதிர்த்து உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகள். குழியின் அடியில் வைரஸின் புரதம் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தை ஊற்றினால், எதிர்ப்பொருள் இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும். கழுவிய பிறகும் அது நிற்கும். அதன்மேல் நொதி பூட்டிய இன்னோர் எதிர்ப்பொருளைச் சேர்த்து, நிறம் கொடுக்கும் வேதிப்பொருளை விட்டால் குழி மஞ்சளாகும். ஒட்டியது எதுவும் இல்லையென்றால் நிறம் ஏறாது. ரயிலில் போன மறுநாள் காலை ஆறு குழிகள் மஞ்சளாயின.

ஒருமுறை பார்த்து ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். வைரஸின் புரதங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை அமெரிக்காவில் நடந்தது, முடிவு மாறவில்லை. அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தபோது நாடே அதிர்ந்தது.

வரலாற்றுக் குறிப்புகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. சுனிதியின் பெரிய வேலை இதற்குப் பிறகுதான் தொடங்கியது என்பேன். தொற்று கண்டறியப்பட்டவர்களில் ஒருத்தி 13 வயதுச் சிறுமி என்று அவர் பின்னாளில் நேர்காணலில் சொன்னார். தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் காப்பு இல்லத்திலேயே அடைத்து வைத்தது அன்றைய அரசு. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்த பிறகே அவர்கள் வெளியே வந்தார்கள். சோதனை சரியாகத்தான் நடந்தது. ஆனால் அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து பேச யாரும் இல்லை.

அந்த இடத்தை நிரப்பியவர் சுனிதி. மருத்துவக் கல்லூரியிலேயே தாமாக முன்வந்து சோதித்துக்கொள்வோருக்கான ஆலோசனை மையத்தைத் தொடங்கினார். 1993இல் அரசுப் பணியை விட்டுவிட்டு, தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பை நிறுவினார். அவருடைய கணவர் விக்டர் சாலமன் இதய அறுவை சிகிச்சை நிபுணர்; அவரே முதலில் இந்த நோயாளிகளிடம் போக வேண்டாம் என்றாராம். அவர்கள் கதையை ஒருமுறை கேட்டால் நீங்கள் இப்படிச் சொல்லமாட்டீர்கள் என்பது சுனிதியின் பதில்.

அவர் வலியுறுத்திய ஆலோசனையை ஆறுதல் வார்த்தை என்று எண்ணிவிட வேண்டாம். அது சிகிச்சையின் பாதி. தொற்றிய முதல் சில வாரங்களில் எதிர்ப்பொருள் போதுமான அளவு உருவாகியிருக்காது, சோதனை ‘இல்லை’ என்றே காட்டலாம். அதனால் மீண்டும் வரச் சொல்ல வேண்டும். ‘இருக்கிறது’ என்று வந்தாலோ, அது எய்ட்ஸ் என்று பொருளாகாது. சிகிச்சை இல்லாவிட்டாலும்கூட, வைரஸ் நோய் எதிர்ப்புக்கான சி.டி.4 அணுக்களைத் தின்று தீர்த்து எய்ட்ஸ் நிலைக்குக் கொண்டுபோகப் பல ஆண்டுகள் பிடிக்கும். இதையெல்லாம் சொல்லாமல் வெறும் தாளை நீட்டினால், வைரஸுக்கு முன்னால் பயமே ஆளைக் கொன்றுவிடும். அப்படிப் போன உயிர்கள் உண்டு.

மருந்து வந்தபோது விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2001இல் சிப்லா நிறுவனம் மும்மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்ததும் உலகச் சந்தையே ஆட்டம் கண்டது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். தொடக்க மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று.

அடுத்த கேள்வி: மருந்து சாப்பிடுகிறவர் துணைக்குத் தொற்றைக் கொடுப்பாரா? ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 ஜோடிகளை ஒன்பது நாடுகளில் தொடர்ந்து கவனித்தது எச்.பி.டி.என். 052 ஆய்வு. ஒய்.ஆர்.ஜி. கேரும் அதில் ஒரு களம். முன்கூட்டியே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் முடிவு வந்தது. அதன்பின் வந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டன: ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவுவதில்லை. தாய்க்குச் சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையான சிகிச்சையில் அது 5 சதவீதத்துக்கும் கீழே.

சுனிதி சிகிச்சையோடு நிற்கவில்லை; தொற்றுள்ளவர்களுக்கு வரன் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தார். படிப்பு, வேலை, குடும்பம் பொருந்துகிறதா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பார்ப்பதுபோலவே பார்ப்பார், கூடவே சி.டி.4 எண்ணிக்கையும் பார்ப்பார். 2015 ஜூலை 28 அன்று கணையப் புற்றுநோயில் காலமானார். 2017இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். வாங்க அவர் இல்லை.

‘புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விளம்பரம் சுவரெங்கும் இருந்ததை மறந்திருக்க மாட்டோம். ஊரைப் பேசவைத்தது, அது நல்லதுதான். ஆனால் கேள்வி ராஜாவோடு நின்றது. 2000இல் வெளியான ஆய்வொன்றில், சென்னையில் சுனிதியின் குழுவிடம் வந்த தொற்றுள்ள பெண்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். ராஜாவின் மனைவிக்கு விளம்பரத்தில் இடமே இல்லை.

விளாத்திகுளத்துக் கரிசலிலிருந்து வத்தலும் கரியும் ஏற்றிக்கொண்டு லாரிகள் வெளிமாநிலம் போகின்றன; ஓட்டுநர்கள் வீடு திரும்ப நாளாகும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எச்.ஐ.வி. மாத்திரை வாங்கப் பஸ் ஏறும் ஓட்டுநர் மனைவியிடம் பஸ் ஸ்டாண்டில் யாராவது கேட்டால், “சுகர் மாத்திரைக்கு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். சர்க்கரை என்றால் மூன்று பேர் கசாயம் சொல்வார்கள்; இதைச் சொன்னால் வாடகை வீடு போய்விடும். இத்தனைக்கும் அவர் சாப்பிடுவது இன்று தினம் ஒரே மாத்திரை, அதற்குள் மூன்று மருந்துகள். விடாமல் சாப்பிட்டால் பேரன் பேத்தி பார்க்கும் ஆயுள் உண்டு.

அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையங்களில் சோதனை இலவசம். முதலில் ஆலோசகர் பேசுவார், சம்மதம் கேட்பார், பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். மூன்று வெவ்வேறு சோதனைகளும் ஒத்துவந்தால்தான் ‘இருக்கிறது’ என்பார்கள். சம்மதமில்லாமல் சோதிப்பதையும், முடிவை வெளியே சொல்வதையும், தொற்றைக் காரணம் காட்டி வேலையோ வீடோ மறுப்பதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 1097 என்ற கட்டணமில்லாத எண்ணில் கேட்கலாம்.