திருடு போன கிட்டார் திரும்பி வருமா? பூட்டைவிட போட்டோ ஏன் முக்கியம்?

1972 அக்டோபர் 10, லண்டன். நாட்டிங் ஹில் பகுதியில் ஒரு வேன் நின்றிருந்தது. உள்ளே இசைக்குழு ஒன்றின் சாமான்கள். அன்றிரவு யாரோ வேனைத் திறந்து சில பொருட்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் வயலின் வடிவத்தில் ஒரு பேஸ் கிட்டாரும் இருந்தது. இடது கைக்காரர் வாசிப்பதற்காகச் செய்த ஹோஃப்னர் 500/1. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டு கொடுத்து வாங்கியது. ‘லவ் மீ டூ’, ‘ஷி லவ்ஸ் யூ’ பாடல்களில் ஒலிக்கும் பேஸ் இதுதான்.

உலகத்தில் அதிகம் போட்டோ எடுக்கப்பட்ட கிட்டார்களில் ஒன்று இது. அப்படியும் கிடைக்க கிட்டத்தட்ட 51 ஆண்டுகள் ஆயின. 2018-ல் ஹோஃப்னர் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் தேடலைத் தொடங்கினார். பிறகு பத்திரிகையாளர்களும் சேர்ந்துகொண்டு 2023-ல் பொதுமக்களிடம் தகவல் கேட்டார்கள். அதன் பிறகே துப்பு கிடைத்தது. திருடியவர் அதை லண்டனில் மது விடுதி நடத்திய ஒருவரிடம் விற்றிருந்தார். பின்னர் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே கைமாறி, இங்கிலாந்தின் கடலோர ஊரான ஹேஸ்டிங்ஸில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது. நிபுணர்கள் ஆராய்ந்து அதே பேஸ்தான் என்று உறுதி செய்தார்கள். மெக்கார்ட்னியின் கைக்கு அது திரும்பிய செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது.

சரி, இதில் நமக்கு என்ன இருக்கிறது? மெக்கார்ட்னியின் பேஸ் திரும்பி வந்ததற்குக் காரணம் போட்டோக்களும் பதிவுகளும். ‘இது இன்னாருடையது’ என்று நிரூபிக்க ஆதாரம் இருந்தது. நம்மில் பெரும்பாலானோர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கிட்டாருக்கு அந்த ஆதாரம் இருக்கிறதா?

மதிப்பு தெரிந்தா திருடுகிறார்கள்?

பெரும்பாலும் இல்லை. தூக்கிக்கொண்டு போக எளிதாக இருக்கிறது, எளிதில் விற்கலாம், ஒரே மாடலில் ஆயிரக்கணக்கில் இருப்பதால் சந்தேகமும் வராது. அவ்வளவுதான் கணக்கு.

2010 நவம்பரில் லண்டன் யூஸ்டன் ரயில் நிலையம் அருகே ஒரு சாண்ட்விச் கடையில் உட்கார்ந்திருந்தார் வயலின் கலைஞர் மின்-ஜின் கிம். காலருகே வைத்திருந்த வயலின் காணாமல் போனது. 1696-ல் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின் அது. மதிப்பு 10 லட்சம் பவுண்டுக்கும் மேல். திருடியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு இன்டர்நெட் கஃபேயில் இருந்தவரிடம் 100 பவுண்டுக்கு விற்கப் பார்த்தார்கள். தன் மகளிடம் ஏற்கெனவே ஒரு ரெக்கார்டர் குழல் இருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார்!

ஆக, ‘என் கிட்டார் அவ்வளவு விலை இல்லையே, யார் எடுக்கப் போறாங்க?’ என்ற நினைப்பு வேண்டாம். திருடுபவர் விலையைப் பார்ப்பதில்லை, நம் கவனம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்.

மரம் சொன்ன சாட்சி

கனடாவின் ராக் இசைக்கலைஞர் ராண்டி பாக்மேன் இளைஞராக இருந்தபோது புல் வெட்டியும் கார் கழுவியும் 400 டாலர் சேர்த்து ஒரு கிட்டார் வாங்கினார். ஆரஞ்சு நிறம், 1957-ல் செய்த கிரெட்ச் 6120. 1976-ல் டொரன்டோவில் ஒரு ஹோட்டலில் அது திருடு போனது. பல ஆண்டுகள் தேடியும் பலனில்லை.

2020-ல், கொரோனா ஊரடங்குக் காலத்தில், கனடாவில் ஒரு ரசிகர் வேறு வழியில் தேடினார். பாக்மேன் அந்தக் கிட்டாரை வாசிக்கும் பழைய வீடியோவிலிருந்து படங்களை எடுத்தார். முகத்தை அடையாளம் காணும் மென்பொருளைப் பயன்படுத்தி, இணையத்தில் கிடைத்த அதே மாடல் கிட்டார்களின் படங்களோடு ஒப்பிட்டார். அவர் தேடியது மரத்தில் இருந்த ஒரு சின்ன முடிச்சை. அது டோக்கியோவில் ஓர் இசைக்கலைஞர் வாசித்த வீடியோவில் கிடைத்தது.

அந்த ஜப்பானியக் கலைஞர் தகேஷி, அது திருட்டுப் பொருள் என்று தெரியாமல் வாங்கியவர். அதே காலத்தில் செய்த அதே மாடல் கிட்டாரைத் தேடிப் பிடித்துக் கொடுத்து, 2022 ஜூலை 1-ல் டோக்கியோவில் உள்ள கனடா தூதரகத்தில் தன் கிட்டாரை வாங்கிக்கொண்டார் பாக்மேன். 45 ஆண்டுகளுக்கும் மேலான காத்திருப்பு.

கைரேகை மாதிரிதான் மரத்தின் ரேகையும். ஒரே நாளில், ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு கிட்டார்களில்கூட அது ஒரே மாதிரி இருக்காது. பெயின்ட்டுக்கு அடியில் ரேகை தெரியாத கிட்டாராக இருந்தால் கீறல், சிராய்ப்பு, பழுது பார்த்த இடம், மாற்றிய குமிழ் எல்லாமே அடையாளம்தான்.

பத்து நிமிட வேலை

இன்றைக்கே போனை எடுத்து இவற்றைச் செய்துவிடலாம்:

• முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, தலைப்பகுதி, கழுத்தின் பின்புறம். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள்.

• மர ரேகை, முடிச்சு, கீறல் ஆகியவற்றை நெருக்கத்தில் தனித்தனியாக எடுங்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ நாணயத்தையோ வையுங்கள்.

• சீரியல் நம்பர். கிப்சன் என்றால் பொதுவாகத் தலைப்பகுதியின் பின்புறம் இருக்கும். ஃபெண்டரில் தலைப்பகுதியிலோ, கழுத்தை உடலோடு இணைக்கும் உலோகத் தகட்டிலோ இருக்கும். அக்கூஸ்டிக் கிட்டாரில் ஒலித்துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே லேபிளிலோ மரக்கட்டையிலோ இருக்கும்.

• கிட்டாரோடு நீங்களும் இருக்கும் போட்டோ ஒன்று. நீங்கள் வாசிக்கும் வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

• கடை பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் ரசீது.

எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். கிட்டார் பையும் போனும் சேர்ந்தே திருடு போகலாம். போனில் மட்டும் இருக்கும் ஆதாரம் அன்றைக்கு உதவாது.

சீரியல் நம்பர் மட்டும் போதாதா என்று கேட்கலாம். தகட்டைக் கழற்றி மாற்றலாம், நம்பரைத் தேய்த்து அழிக்கலாம், கழுத்தையே மாற்றிவிடலாம். மர ரேகையை அப்படி மாற்ற முடியாது. வீணை, மிருதங்கம், வயலின் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கையால் செய்த பல கருவிகளில் நம்பரே இருக்காது. வயலினுக்குள் ஒட்டியிருக்கும் லேபிளையும் நம்ப முடியாது. தொழிற்சாலையில் செய்த ஆயிரக்கணக்கான வயலின்களில் ‘ஸ்ட்ராடிவாரியஸ்’ என்ற லேபிள்தான் இருக்கிறது.

டிராக்கர் வைத்தால் போதாதா?

உதவும். ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். ஏர்டேக் போன்ற கருவிகளில் ஜி.பி.எஸ். கிடையாது. அருகில் கடந்து போகும் போன்கள் அதன் புளூடூத் சிக்னலைப் பிடித்துத் தகவல் அனுப்புகின்றன. போன்கள் இல்லாத இடத்தில் அது மௌனமாகிவிடும். யாரையும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காக, ‘தெரியாத டிராக்கர் உங்களோடு நகர்கிறது’ என்ற எச்சரிக்கை திருடியவரின் போனுக்கே போகவும் வாய்ப்பு இருக்கிறது.

அதனால் பையின் வெளி ஜிப்பில் வைப்பதில் பயனில்லை. கேஸின் உள்துணிக்கு அடியில் வைக்கலாம். ஆனால் கேஸைத் தூக்கிப் போட்டுவிட்டு கிட்டாரை மட்டும் எடுத்துப் போனால்? டிராக்கர் முதல் சில மணி நேரத்துக்கு. போட்டோ பல ஆண்டுகளுக்கு. இரண்டும் வேண்டும்.

டிராக்கரில் கிட்டார் இருக்கும் வீடு தெரிந்தாலும் நீங்களே போய்க் கதவைத் தட்டாதீர்கள். தகவலைப் போலீஸிடம் கொடுங்கள்.

பயணத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

1999-ல் செல்லோ மேதை யோ-யோ மா, 1733-ல் செய்த தன் செல்லோவை நியூயார்க்கில் ஒரு டாக்சியின் டிக்கியிலேயே மறந்து இறங்கிவிட்டார். அன்றைக்கே திரும்பக் கிடைத்தது. எப்படி? டாக்சி ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் இருந்த எண்ணை வைத்துப் போலீஸ் வண்டியைக் கண்டுபிடித்தது. இன்று ஆப் மூலம் புக் செய்தால் அந்தத் தகவல் போனிலேயே இருக்கும். தெருவில் கை காட்டி நிறுத்தும் ஆட்டோவில் ஏறும்போது நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

காரில் கிட்டாரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கச்சேரி முடிந்து சாமான் ஏற்றும் நேரம்தான் ஆபத்தான நேரம். ஆளாளுக்கு வேலையாக இருப்பார்கள்; வண்டி திறந்தே கிடக்கும். யாராவது ஒருவர் வண்டியை விட்டு நகரக் கூடாது என்று குழுவுக்குள் முன்பே பேசி வையுங்கள்.

ரயிலில் நாம் கையோடு கொண்டு போகும் சாமானுக்கு, ரயில்வேயின் கவனக்குறைவை நிரூபிக்காதவரை ரயில்வே பொறுப்பாகாது என்கிறது ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவு. கேஸைச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள், அல்லது மேல் பெர்த்தில் உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். காணாமல் போனால் 139-ஐ அழைக்கலாம்.

இன்ஷூரன்ஸ் வாங்கினால் கருவி யாருடையது?

பலர் யோசிக்காத கேள்வி இது. மின்-ஜின் கிம்முக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைத்தது. அதில் வேறொரு வயலின் வாங்கினார். 2013-ல் போலீஸ் பழைய வயலினைக் கண்டுபிடித்தது. ஆனால் இழப்பீடு கொடுத்த பிறகு அதன் உரிமை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குப் போயிருந்தது. திரும்ப வாங்கும் அளவுக்கு அவர் கையில் பணம் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அது 13.85 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. கருவி கிடைத்தும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் வயலின் கலைஞர் ரோமன் டோட்டன்பெர்க்கின் ஸ்ட்ராடிவாரியஸ் 1980-ல் திருடு போய், 2015-ல் ஒரு மதிப்பீட்டாளரிடம் வந்தபோது அடையாளம் காணப்பட்டது. இழப்பீட்டுத் தொகையைத் திருப்பிக் கொடுத்து அவருடைய மகள்கள் வயலினை மீட்டார்கள்.

பாலிசி எடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வீட்டுக்கு வெளியே திருடு போனால் பணம் கிடைக்குமா? ஆளில்லாத வண்டியிலிருந்து எடுத்தால்? இழப்பீடு வாங்கிய பிறகு கருவி கிடைத்தால், அந்தத் தொகையைக் கட்டி அதைத் திரும்பப் பெறலாமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திருடு போயிடுச்சு... என்ன பண்ணணும்?

முதலில் புகார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-வது பிரிவின்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ‘இது எங்க லிமிட் இல்ல’ என்பது காரணமாகாது. மின்னணு வழியில் புகார் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துப்பூர்வமாக அனுப்பலாம்.

பில் இங்கேதான் உதவும். சாதாரணத் திருட்டில் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகையில் வழக்கு போய்விடும். அதேநேரம், வீட்டுக்குள் அல்லது வாகனத்துக்குள் இருந்து திருடியிருந்தால் அது பி.என்.எஸ். 305-ன் கீழ் வரும் கடுமையான குற்றம். ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. எங்கிருந்து போனது என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள்.

அடுத்து, போட்டோக்களை ஊரில் உள்ள இசைக்கருவிக் கடைகளுக்கும் பழுது பார்ப்பவர்களுக்கும் வாசிப்பவர்களின் குழுக்களுக்கும் அனுப்புங்கள். பழைய பொருட்கள் விற்கும் தளங்களைத் தினமும் பாருங்கள். ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாமல் வைத்திருங்கள். ‘உங்க கிட்டார் எங்கிட்ட இருக்கு, பணம் அனுப்புங்க’ என்று யாராவது பேசினால் அதைக் கேட்டுச் சோதிக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு

விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது. இதுதான் 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவு சொல்லும் பொதுவான விதி. திருட்டுக் கிட்டாரை நல்ல நம்பிக்கையில் வாங்கியிருந்தாலும் பணமும் போகும், கிட்டாரும் போகும். தெரிந்தே வாங்கினால் குற்றம். விலை ரொம்பக் குறைவு, நம்பர் தேய்ந்திருக்கிறது, பழைய போட்டோ ஒன்றுகூட இல்லை, வாசிக்கத் தெரியுமா என்று கேட்டால் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். விற்பவரின் பெயர், கருவியின் நம்பர், தேதி எழுதிய ரசீது இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள்.

டோட்டன்பெர்க் 2012-ல், 101 வயதில் இறந்தார். வயலின் கிடைத்தது மூன்று ஆண்டுகள் கழித்து. எல்லாக் கருவியும் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. வந்தாலும் சரியான நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் வரும்போது ‘இது என்னுடையது’ என்று காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்ததும் கிட்டாரை ஜன்னல் ஓரமாகக் கொண்டு போய் நாலு போட்டோ எடுத்து வையுங்கள்.