தவளைக்கும் ஒரு செக்ரோல் வேண்டும்



போன மழைக்காலத்தில் சங்க வேலையாகச் சிங்கப்பூர் போயிருந்தோம். தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரம், வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. அரைமணியில் மழை விட்டது. பின்பக்கத்துக் கால்வாயிலிருந்து மாடு கத்துவது போல ஒரு சத்தம். முதலில் ஒன்று, பிறகு கூட்டமாக.

பக்கத்து மேசைப் பெரியவர் சிரித்தார். இளவயதில் மண்டாய்ப் பக்கம் பால்மரம் வெட்டியவராம். "அது மாடு இல்லே தம்பி, தவளை. முந்தியெல்லாம் இது எப்பக் கத்தும்னு எங்களுக்குத் தெரியும். மறுநாள் வெட்டு இல்லேன்னு ராத்திரியே படுத்துக்குவோம். இப்ப அதுக்கும் நேரங்காலம் தெரியல, நமக்கும் தெரியல" என்றார்.

பெரியவர் சொன்னது வெறும் பேச்சா, உண்மையா? அதைத்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

தவளை முட்டைக்கு ஓடு கிடையாது. காய்ந்தால் போச்சு. அதனால் தவளை காலம் பார்த்துத்தான் முட்டையிடும். குளிர் நாட்டில் அது பார்ப்பது வெயிலை. பனி விலகிச் சூடு ஏறினால் குளத்துக்கு இறங்கும். நம் பக்கம் அது பார்ப்பது மழையை.

குளிர் நாட்டில் நடந்ததை முதலில் கேளுங்கள். தெற்கு இங்கிலாந்தில் டிரெவர் பீபி என்ற அறிஞர் 1978 முதல் 1994 வரை, தவளைகள் குளத்துக்கு வரும் நாளை வருஷா வருஷம் குறித்து வைத்தார். கடைசியில் பார்த்தால், சில இனங்கள் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே முட்டையிடத் தொடங்கியிருந்தன. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து இத்தாக்கா ஊரில் 1900 முதல் 1912 வரை ஒருவர் எழுதி வைத்த தவளைக் குறிப்பு இருந்தது. அதை 1990களின் குறிப்போடு ஒப்பிட்டார்கள். நாலு இனங்கள் 10 முதல் 13 நாள் முந்திக் கத்தத் தொடங்கியிருந்தன. பூமி சூடாகிறது என்பதற்குத் தவளையே சாட்சி சொல்லிவிட்டது.

பத்து நாள் முந்தினால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகும். தேக்காவில் நாம் கேட்ட அந்த மாட்டுக்குரல் தவளையையே பாருங்கள். பெருமழை விழுந்த ராத்திரியே தேங்கிய தண்ணீரில் முட்டையிடும். ஒரு நாளில் பொரியும். தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேற இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரமும் குட்டை காயக்கூடாது. ஒரு மழை ஏமாற்றிப் பெய்துவிட்டு வெயில் அடித்தால் அத்தனையும் சேற்றோடு ஒட்டிக் காய்ந்துவிடும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அது காலத்தால் கெடுகிறது.

அப்படி ஏமாற்றும் வானம் சிங்கப்பூருக்குப் புதிதல்ல. 1948 முதல் அங்கே பத்து வருஷத்துக்குக் கால் டிகிரி வீதம் சூடு ஏறி வருகிறது. 2014 பிப்ரவரியில் மழை அடியோடு பொய்த்தது. அதே ஊரில் 2025 ஜனவரியில் இரண்டே நாளில் ஒரு மாதத்து மழை கொட்டியது. இனி மழை மாதத்தில் மழை கூடும், காயும் மாதத்தில் இன்னும் காயும் என்று சிங்கப்பூர் வானிலைத் துறையின் 2024ஆம் வருஷக் கணிப்பு சொல்கிறது.

நம் பாட்டன் பூட்டன் ஊர்ப்பக்கமும் இதே கதைதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள்ளேயே வாழும் ஊதாத் தவளை உண்டு. வருஷத்தில் சில நாள் மட்டும் முட்டையிட வெளியே வரும். 2003இல் கேரளப் பக்கம் கண்டு பெயர் வைத்த இனம், தென்மேற்குப் பருவத்துக்கு முந்திய மழைக்கு வரும். 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கண்டு பெயர் வைத்த அதன் தங்கச்சி இனம், வடகிழக்குப் பருவமழைக்கு வரும். மலை ஒன்று, மழை இரண்டு. அவரவர் மழைக்கு அவரவர் காத்திருக்கிறார்கள். அந்த மழை தேதி மாறினால் யாரிடம் போய்க் கேட்பது?

சரி, நம் வட்டாரத்துத் தவளைக்குக் கணக்கு உண்டா? சிங்கப்பூர்த் தவளைகளில் ஏழு இனங்கள் முட்டையிடும் விதத்தை 1964இல் பெர்ரி என்ற ஆய்வாளர் எழுதி வெளியிட்டார். 2010இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்து டேவிட் பிக்ஃபோர்டும் கூட்டாளிகளும் தென்கிழக்கு ஆசியத் தவளைகளுக்கு வரப்போகும் ஆபத்தைப் பற்றி எழுதினார்கள். ஆனால் இங்கிலாந்து போல வருஷா வருஷம் விடாமல் எழுதிய குறிப்பு நம் வட்டாரத்தில் மிகக் குறைவு.

குறிப்பு இல்லாதவன் வழக்கு எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியாதா? ஒரு தோட்டத்தில் மழைநாள் சம்பளம் பேசப் போனோம். ஆபீசில் ஒரு கணக்கு, லயத்தில் ஒரு கணக்கு. மங்கில் பாலுக்குப் பதில் மழைத்தண்ணி நின்ற நாட்களை யார் எண்ணி வைத்தது? கடைசியில் ஒரு பாட்டி தன் வீட்டு நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். வெட்டு நின்ற நாளெல்லாம் அடுப்புக்கரியால் கோடு போட்டிருந்தார். எழுத்துத் தெரியாதவர். அந்தக் கோடுதான் அன்றைக்குப் பேசியது. நம் வாய் பேசவில்லை.

ஆகவே தோழர்களே, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். மழை விழுந்த தேதி, காய்ச்சலுக்குப் பிறகு முதல் தவளை கத்திய ராத்திரி, கால்வாயில் தலைப்பிரட்டை கண்ட நாள், குட்டை காய்ந்த நாள். நாலே வரி போதும். பக்கத்திலேயே வெட்டு நின்ற நாளையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு வருஷம் எழுதினால் அது கதை. பத்து வருஷம் எழுதினால் சாட்சி.

தவளையும் நாமும் ஒரே மழையை நம்பிப் பிழைக்கிறவர்கள். அதன் நாள் தப்பினால் நம் நாளும் தப்பும். தவளைக்குச் சங்கம் கிடையாது. அதன் கணக்கையும் நாம்தான் எழுத வேண்டும்.